அத்தியாயம் 4: நாற்பது நொடி வண்டியும் ஒன்றரை மணி நேர வண்டியும்

திருச்சியில் எந்தச் சைக்கிள் கடைக்குள் நுழைந்தாலும் பி.எம்.எக்ஸ் (பைசைக்கிள் மோட்டோகிராஸ்) மாதிரி வண்டிகளும் எம்.டி.பி (மவுண்டன் பைக்) மாதிரி வண்டிகளும் தோளோடு தோள் உரசி நிற்கும். இரண்டிலும் தடித்த டயர், கண்ணைப் பறிக்கும் வண்ணம். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் சக்கர அளவைப் பார்த்து வயதைப் பொருத்துகிறார்கள்: 20 அங்குலம் ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு, 26 அங்குலமும் அதற்கு மேலும் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு. முப்பது வயது ஆள் ஓட்டுகிற நிஜமான பி.எம்.எக்ஸுக்கும் சக்கரம் 20 அங்குலம்தான் என்றால் நம்ப மறுப்பார்கள். அங்கே சக்கரம் சிறிதாக இருப்பதற்கு ஓட்டுகிறவரின் உயரம் காரணமே இல்லை. அந்த வண்டி செய்ய வேண்டிய வேலைதான் காரணம்.

ஒலிம்பிக்கைப் பார்த்தால் அந்த வேலை சட்டென்று புரியும். பி.எம்.எக்ஸ் பந்தயம் 2008-ல் பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. எட்டுப் பேர் உயரமான மேடையிலிருந்து ஒன்றாகப் பாய்ந்து, மேடுகளைத் தாண்டி, சாய்வான வளைவுகளில் திரும்பி, ஏறத்தாழ 40 நொடியில் முடித்துவிடுகிறார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் என்கிற வித்தைப் பிரிவு சேர்ந்தது. அதில் ஒருவருக்கு ஒரு சுற்று 60 நொடி. எம்.டி.பி பந்தயம் 1996 அட்லாண்டாவிலிருந்தே இருக்கிறது. வேரும் பாறையும் நிறைந்த பாதையில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, இப்போதெல்லாம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. 40 நொடியில் உடம்பின் பலம் முழுவதையும் கொட்டுகிறவருக்கு உட்கார நேரம் ஏது? ஒன்றரை மணி நேரம் மலையில் இருக்கப்போகிறவருக்கு உட்காராமல் எப்படி முடியும்? இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசங்கள் அத்தனையும் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து கிளைத்தவை.

பிறந்த கதையும் அதையே சொல்கிறது. 1970 வாக்கில் தெற்கு கலிஃபோர்னியாவில் மோட்டோகிராஸ் பைக் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள், அதே மாதிரி ஸ்விண் கம்பெனியின் ஸ்டிங்ரே சைக்கிள்களை மண் மேடுகளில் விட்டுக் குதிக்கத் தொடங்கினார்கள். அது பி.எம்.எக்ஸ். அதே மாநிலத்தின் வடபகுதியில், மரின் மாவட்டத்தில், இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் செங்குத்தான மண் பாதையில் இறக்கி, 1976 முதல் பந்தயம் நடத்தினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் அதற்கென்றே தனியாக வண்டி கட்ட ஆரம்பித்ததும் எம்.டி.பி உருவானது.

ஏறி நின்றதும்

நம் ஊரில் பெரும்பாலோர் சைக்கிள் பழகியது அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு. அல்லது பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில். குரங்குப் பெடலைத் தாண்டி வளர்ந்துவிட்டால் இரண்டிலும் உடம்பின் எடை சீட்டில்தான் இருக்கும். கை திசை காட்டும், கால் மிதிக்கும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடு பி.எம்.எக்ஸில் ஏறினால் முதல் நிமிடமே குழப்பம் வரும். சீட் ஏறக்குறைய முழங்கால் உயரத்திலேயே கிடக்கும். உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். வண்டி தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது என்றே தோன்றும்.

அது நின்று ஓட்டுகிற வண்டி. இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து, எடையைப் பாதங்களில் இறக்கி நிற்க வேண்டும். ஹேண்டில் 8 முதல் 9 அங்குலம் வரை மேலெழும்பி இருப்பது, நிற்கும்போது கை இயல்பாகப் போய்ச் சேரத்தான். சீட் தாழ்ந்திருப்பது, வண்டி காலுக்கிடையே சாயவும் சுழலவும் இடம் விடத்தான். காவிரியில் பரிசலில் நின்று துடுப்புப் போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பரிசல் எப்படி ஆடினாலும் முழங்கால் அதை வாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு மேலே அசைவு வராது. பி.எம்.எக்ஸில் நிற்கிற நிலை அதுதான். வண்டி உங்களுக்குக் கீழே இருக்கும். நீங்கள் அதற்கு மேலே, அதிலிருந்து கொஞ்சம் விலகி இருப்பீர்கள்.

எம்.டி.பியில் உடம்பு வண்டிக்குள் இறங்கி இருக்கிற உணர்வு வரும். முன் சக்கரம் உங்களுக்கு நன்றாக முன்னால், பின் சக்கரம் பின்னால், நடுவில் நீங்கள். சீட்டை உயர்த்தி வைத்தால் பெடல் கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராகும். எடை சீட், கை, கால் மூன்றுக்கும் பங்காகும். இறக்கத்தில் மட்டும் சீட்டைத் தாழ்த்தி எழுந்து நிற்க வேண்டும். விலை கூடிய வண்டிகளில் ஹேண்டிலில் உள்ள ஒரு லீவரை அழுத்தினாலே சீட் இறங்கிவிடும். மற்றவற்றில் வண்டியை நிறுத்தி, சீட்டுக் கம்பியின் பிடியைத் தளர்த்தி, கையால் இறக்க வேண்டும்.

பி.எம்.எக்ஸ் வாங்கிய பிள்ளைகள் இரண்டு வாரத்தில் கடைக்கு வந்து, "சீட்டைக் கொஞ்சம் ஏத்திவிடுங்கண்ணே, முட்டி வலிக்குது" என்று கேட்பதுண்டு. கடைக்காரரும் ஏற்றிவிடுவார். பெற்றோர் அந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பிள்ளை தினமும் தூரம் போகிறான் என்றுதான் அதற்கு அர்த்தம். அவனுக்குத் தேவைப்படுவது வேறு வண்டி. சீட்டை ஏற்றிய பி.எம்.எக்ஸில் தூரமும் சுகமாகப் போக முடியாது, குதிக்கவும் முடியாது.

வீதி மூலையில்

திருப்பத்தைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளியே இருக்கும் மூன்றும் வீடுகளும் கடைகளும் உள்ள வீதிகள்: உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி. ஒவ்வொன்றும் செவ்வகமாகச் சுற்றி வருகிறது. நீண்ட நேர்வீதி, பிறகு செங்கோணத்தில் ஒரு மூலை, மறுபடி நேர்வீதி. விடிந்தும் விடியாத நேரத்தில், கோலம் போடுகிறவர்களுக்கும் கோயிலுக்கு நடக்கிறவர்களுக்கும் இடைஞ்சல் இல்லாமல், ஒரே வீதியை இரண்டு வண்டிகளிலும் ஒவ்வொரு முறை சுற்றிப் பாருங்கள். சித்திரைத் தேர், வைகுண்ட ஏகாதசி நாட்களில் இந்த எண்ணமே வேண்டாம்.

மூலையில் மெதுவாகத் திரும்பும்போது பி.எம்.எக்ஸ் நினைத்த கணத்தில் திரும்பிவிடும். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே அதில் ஏறத்தாழ 95 செ.மீ.தான். எம்.டி.பியில் அது 110 முதல் 120 செ.மீ. போகும். முன் ஃபோர்க்கின் சாய்வும் வேறு. பி.எம்.எக்ஸில் அது தரையோடு 74, 75 டிகிரி கோணத்தில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. எம்.டி.பியில் 65 முதல் 70 டிகிரி வரை படுத்திருக்கிறது. ஃபோர்க் நிமிர நிமிர ஹேண்டிலின் சிறு அசைவும் சக்கரத்துக்கு உடனே போகும். படுக்கப் படுக்க சக்கரம் நேராகவே ஓட விரும்பும். அதனால்தான் எம்.டி.பியை மூலையில் நடை வேகத்தில் திருப்பும்போது முன் சக்கரம் ஒரு பக்கமாகத் தொங்கி விழப்பார்க்கும். கையால் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

வேகம் கூடினால் நிலைமை தலைகீழ். திருவானைக்காவல் ரயில்வே மேம்பாலத்தின் இறக்கத்தில் எம்.டி.பி அமைதியாக இறங்கும். காற்றோ, பக்கத்தில் ஒரு பேருந்தோ வந்தாலும் பாதை மாறாது. அதே இறக்கத்தில் பி.எம்.எக்ஸின் ஹேண்டில் கையில் துடிக்கும், கண் சிமிட்டுகிற நேரத்தில் ஒரு சாண் விலகியிருக்கும். சிறிய சக்கரத்தின் சுழல் வேகம் தரும் நிலைப்பும் குறைவு, ஏனென்றால் எடை அச்சுக்குப் பக்கத்திலேயே சுழல்கிறது. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் காற்றில் எழும்பியபின் ஹேண்டிலை முழுச் சுற்று சுழற்றுவதும், தரையில் ஒற்றைச் சக்கரத்தில் நின்று சுழல்வதும் நடக்காது. ஆனால் வாகனங்கள் ஓடும் சாலையில் அந்தக் குணம் உங்களுக்கு உதவாது. புதிதாக பி.எம்.எக்ஸ் ஓட்டுகிறவர் முதலில் கைப்பிடியை இறுக்காமல் பழக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் தோளின் ஒவ்வொரு அசைவும் சக்கரத்துக்குப் போய்விடும்.

பாலத்தின் இணைப்புகள்

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் வந்தது. கண்ணுக்குக் கண் இடையே வெயிலில் காங்கிரீட் விரியவும் சுருங்கவும் விடப்பட்ட இணைப்புகள் உண்டு. அவற்றையும் தாங்கிகளையும் சரிசெய்ய 2022, 2023-ல் பல மாதம் பாலத்தை மூடியே வைத்திருந்தார்கள். சைக்கிளில் கடக்கிறவருக்கு இந்த இணைப்புகள் ஒரு நல்ல அளவுகோல். எம்.டி.பியில் "டப்" என்று ஒரு மெல்லிய தட்டல் வரும். பி.எம்.எக்ஸில் அதே இணைப்பு மணிக்கட்டு வரை ஏறும்.

சக்கரத்தின் ஆரமே இதற்கு முதல் காரணம். 5 செ.மீ. உயரமுள்ள ஒரு கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 20 அங்குலச் சக்கரம் அதில் மோதும்போது ஏறத்தாழ 36 டிகிரி சரிவை ஏறத் தொடங்க வேண்டும். 29 அங்குலச் சக்கரத்துக்கு அதே கல் 30 டிகிரிதான். வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் மோதலின்போது வேகத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை இந்தக் கோணத்தோடு வேகமாகக் கூடுகிறது. குழியிலும் அப்படியே: சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கிவிடும், பெரிய சக்கரம் அதன் விளிம்புகளில் தங்கிப் போய்விடும். தில்லைநகர் குறுக்குத் தெருக்களில் குழாய்க்குத் தோண்டி மூடிய தழும்புகளின் மேல் ஓட்டினால் இதைக் கணக்கே இல்லாமல் உணரலாம்.

இரண்டாவது காரணம் டயரின் காற்று. தெருவில் ஓட்டும் பி.எம்.எக்ஸுக்கு 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிப்பார்கள். டயர் கல்லாக இருந்தால்தான் குதித்து இறங்கும்போது ரிம் தரையில் இடிக்காது. எம்.டி.பியில் டியூபோடு 25 முதல் 35 பி.எஸ்.ஐ. போதும். டயர் நசுங்கித் தரையைப் பிடிக்கும். மூன்றாவது, முன் ஃபோர்க்கின் ஷாக். இதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும். அது அமுங்கும், உடனே துள்ளும். துள்ளலை அடக்க எண்ணெய் இருக்காது. அந்த ஃபோர்க்கே இரண்டரை கிலோ வரை கனக்கும். பின்னாலும் ஒரு ஷாக் வைத்த மலிவு வண்டியில் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடும். நகரத்தில் ஓட்ட ஷாக் இல்லாத, இரும்போ அலுமினியமோ ஆன கெட்டி ஃபோர்க்கும் நல்ல அகலமான டயரும் உள்ள வண்டியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்தபடியாக முன் ஷாக் மட்டும் உள்ளது. இரட்டை ஷாக் வண்டியைக் கடையில் எவ்வளவு புகழ்ந்தாலும், மலிவு விலையில் அது வேண்டாம்.

அப்படியானால் பி.எம்.எக்ஸுக்கு ஷாக்கே கிடையாதா? கிடையாது. முழங்காலும் முழங்கையும்தான் ஷாக். நின்று ஓட்டுவதன் இன்னொரு பயன் அது. வேகத்தடை வருகிறதென்றால் பி.எம்.எக்ஸ் ஓட்டுகிறவர் அதற்கு ஒரு சக்கர தூரம் முன்னாலேயே முழங்காலைத் தளர்த்தி, சக்கரம் ஏறும்போது வண்டியைத் தன்னை நோக்கி வரவிட்டு, இறங்கும்போது கீழே அழுத்துவார். இந்த அழுத்தத்தால் வண்டிக்கு வேகம்கூட ஏறும். மிதிக்காமலே மேடுகளின் மேல் ஓடுகிற பம்ப் டிராக்குகள் இந்த ஒரு வித்தையில்தான் நடக்கின்றன. எம்.டி.பியில் இதே வேலையைச் செய்தால் அழுத்தத்தில் ஒரு பங்கை ஷாக் விழுங்கிவிடும்.

முன் சக்கரத்தைத் தூக்க

பையன்கள் பி.எம்.எக்ஸ் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதில் தவறும் இல்லை. முன் சக்கரம் எழ வேண்டுமென்றால் உடம்பின் எடை பின் சக்கர அச்சுக்குப் பின்னால் போக வேண்டும். பெடல் அச்சிலிருந்து பின் சக்கர அச்சு வரை பி.எம்.எக்ஸில் 33 முதல் 36 செ.மீ., எம்.டி.பியில் 43 செ.மீ. அளவு. அந்த 8 செ.மீ. வித்தியாசத்தை இடுப்பால் கடக்க வேண்டும் என்பதால், பி.எம்.எக்ஸில் கையை நீட்டி இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாலே முன்பக்கம் எழும். எம்.டி.பியில் இன்னும் பின்னால் போய், இன்னும் பலமாக இழுக்க வேண்டும். எழுந்தபின் நிறுத்தி வைப்பது வேறு விஷயம். பி.எம்.எக்ஸில் சமநிலைப் புள்ளி சிறியது, சட்டென்று பின்னால் விழலாம். எம்.டி.பி நீளமாக இருப்பதால், எழுந்துவிட்டால் நிதானமாக நிற்கும்.

பன்னி ஹாப் என்கிற தாவலைப் பி.எம்.எக்ஸில் பழகியவர் எம்.டி.பிக்குப் போனால் அது கூடவே போகும். மறுபக்கம் அவ்வளவு எளிதல்ல. ஷாக்கின் துள்ளலையும் சீட்டின் உதவியையும் நம்பிப் பழகியவருக்கு பி.எம்.எக்ஸில் அவை இரண்டும் இல்லை. உலக எம்.டி.பி வீரர்களில் பலர் சிறுவயதில் பி.எம்.எக்ஸ் ஓட்டியவர்கள் என்பது தற்செயல் இல்லை.

பழகும் இடம் காய்ந்த, வழவழப்பான காங்கிரீட் தரையாக இருக்கட்டும். அனுமதி கேட்டுப் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தையோ, காலியான பேஸ்கட்பால் தளத்தையோ பயன்படுத்தலாம். ஃப்ளாட்லேண்ட் என்கிற பிரிவுக்கு ஒரு மேடும் தேவையில்லை, ஒரு சிறு முற்றம் போதும். ஹெல்மெட் இல்லாமல் ஒரு நாளும் வேண்டாம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்பு போட்டால் விழுகிற பயம் குறையும், பயம் குறைந்தால் சீக்கிரம் பழகலாம். மலைக்கோட்டைப் படிகளிலும் கோயில் வளாகங்களிலும் சைக்கிள் வித்தை காட்டுவது அந்த இடங்களை நேசிக்கிறவர்களைப் புண்படுத்தும், அங்கே போகாதீர்கள்.

முக்கொம்பு வரை, பச்சமலை வரை

தூரத்துக்கு வருவோம். பி.எம்.எக்ஸில் ஒரே கியர். முன்னால் 25 பல், பின்னால் 9 பல் என்பது ஃப்ரீஸ்டைல் வண்டிகளின் வழக்கமான அமைப்பு; பழைய மாதிரிகளில் 44-க்கு 16. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 4.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கி.மீ. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் கால் காற்றாடியாகச் சுற்ற வேண்டும்.

கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு திருச்சியிலிருந்து ஏறத்தாழ 18 கி.மீ. கணக்குப்படி பி.எம்.எக்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் தாழ்ந்த சீட்டில் முழங்காலை மடக்கி, அல்லது நின்றுகொண்டே. மேடில்லாத ஆற்றோரச் சாலை என்பதால் எம்.டி.பியில் நடுத்தர கியரைப் போட்டு, இரு பக்கமும் வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு போகலாம். திரும்பி வரும்போது எதிர்க்காற்று அடித்தால் ஒரு கியர் குறைத்தால் போதும், பி.எம்.எக்ஸில் குறைக்க எதுவும் இல்லை. கிழக்கே கல்லணைப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். உண்மையைச் சொன்னால், தார்ச்சாலையில் தினமும் கல்லூரிக்கோ வேலைக்கோ போவதுதான் நோக்கமென்றால் இரண்டுமே சரியான வண்டி இல்லை. ஒல்லியான, வழவழப்பான டயருள்ள ஹைபிரிட் சைக்கிளைப் பற்றி ஆறாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன்.

மலை என்றால் பேச்சே மாறிவிடும். நம் மாவட்டத்துக்குப் பச்சமலை இருக்கிறது. துறையூர்ப் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் மலைச்சாலையில் எம்.டி.பி எதற்காகப் பிறந்தது என்பதைக் கால் சொல்லும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற, முன்னால் மூன்றும் பின்னால் ஏழுமாகக் கியர் உள்ள எம்.டி.பியில் மிகக் குறைந்த கியர் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறரை கி.மீ.; வேகமாக நடக்கிறவரின் வேகம்தான், ஆனால் மூச்சு வாங்காமல் மேலே போய்ச் சேரலாம். அதே 60 சுற்றுக்குப் பி.எம்.எக்ஸ் மணிக்கு 16 கி.மீ. போயாக வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் அந்த வேகம் நம்மால் ஆகாது, அதனால் சுற்று குறையும், பெடல் கல்லாகும், இறங்கித் தள்ளுவீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் பொன்முடி மலை 2023 அக்டோபரில் ஆசிய எம்.டி.பி சாம்பியன்ஷிப்பையே நடத்தியது. நம் மலைகளில் பழகுகிற பிள்ளைகளுக்கு அந்தக் களம் தூரமில்லை.

நிறுத்துவது

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்தான் உயிர். பிரேக் பிடித்ததும் உடம்பின் எடை முன்னால் போகிறது, பின் சக்கரம் இலேசாகிறது. அதனால் பின் பிரேக் மட்டும் இருந்தால் சக்கரம் வழுக்குமே தவிர வண்டி சீக்கிரம் நிற்காது. முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதைவிட நிற்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பி.எம்.எக்ஸில் பெரும்பாலும் பின் பிரேக் மட்டும்தான். தெரு வித்தைக்காரர்கள் சிலர் அதையும் கழற்றிவிடுவார்கள். காந்தி மார்க்கெட்டுக்குள்ளும் பெரிய கடை வீதியிலும் ஓட்டப்போகிற பிள்ளையின் வண்டியில் பிரேக்கைக் கழற்ற விடாதீர்கள். ஹேண்டில் முழுச்சுற்று சுற்றினாலும் பிரேக் கேபிள் முறுக்கிக்கொள்ளாத ஜைரோ என்கிற ஒரு சாமான் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம்.

எம்.டி.பியில் இரண்டு பிரேக். நம் ஊரில் முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஹேண்டிலுக்கு மேல் சாய்ந்துகொண்டு முரட்டுத்தனமாகப் பிடித்தால் விழுவது உண்மைதான். இடுப்பைப் பின்னால் கொண்டுபோய், கையை ஊன்றி, ஒரு விரலால் படிப்படியாக அழுத்தினால் விழமாட்டீர்கள். எம்.டி.பியின் நீளம் அதற்குத் துணை. இதை வெறும் மைதானத்தில் முதலில் பழகுங்கள். மழைக்காலத்தில் ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் ஈரமும் மணலும் சேர்ந்து, முதல் சில சுற்றுக்குப் பிடிப்பே இருக்காது. டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

மணலும் முள்ளும்

கோடையில் காவிரியும் கொள்ளிடமும் வெறும் மணலாகக் கிடக்கும்போது இறங்கி ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஆழமான ஆற்று மணலில் பி.எம்.எக்ஸின் முன் சக்கரம் புதைந்து, வண்டி நிற்க, நீங்கள் முன்னால் போவீர்கள். எம்.டி.பியில் காற்றைக் குறைத்து, எடையைப் பின்னால் வைத்து, சின்ன கியரில் விடாமல் மிதித்தால் கொஞ்ச தூரம் போகலாம். ஈரம் காய்ந்து இறுகிய ஓரத்தில் இரண்டும் ஓடும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் கீழே சொல்லிக்கொண்டு வராது, அதனால் மேட்டூர் திறப்பு, ஆடிப்பெருக்கு நாட்களில் ஆற்றுக்குள் இறங்கவே கூடாது.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காப் பக்கமும் கொள்ளிடக் கரையிலும் மண் பாதைகள் அருமையானவை. அங்கே எதிரி சீமைக்கருவேல முள். அகலமான டயர் என்பதால் முள் ஏறாது என்று நினைக்காதீர்கள். பஞ்சர் அடைக்கும் திரவத்தை டியூபுக்குள் ஊற்றி வைத்தால் பெரும்பாலான முட்களைச் சமாளிக்கலாம். முள்ளைப் பிடுங்காமல் வீடு வரை ஓட்டிவிட்டுப் பிறகு பிடுங்குங்கள்.

வாங்கும்போது

எம்.டி.பி என்று கடையில் சொல்வதெல்லாம் மலை வண்டி இல்லை, 20 அங்குலம் எல்லாம் பி.எம்.எக்ஸும் இல்லை. பக்கவாட்டு ஸ்டாண்டும் பூப்போட்ட மட்கார்டும் வைத்த 20 அங்குல வண்டி சிறுவர் சைக்கிள்; அதில் குதித்தால் ஃபோர்க் வளையும். நிஜமான பி.எம்.எக்ஸில் பின் அச்சு 14 மி.மீ. தடிமன் இருக்கும், அதன் நட்டுக்கு 17 நம்பர் ஸ்பானர் வேண்டும். சக்கரத்தில் 36 ஸ்போக்ஸ் கம்பி. ஃப்ரேமும் ஃபோர்க்கும் குரோமோலி என்கிற உலோகக் கலவையில் இருந்தால் நல்லது. சாதாரண இரும்பில் முன்குழாய் சேரும் இடத்தில் விரிசல் விடும். அளவு பார்ப்பது மேல் குழாயின் நீளத்தில்: வளர்ந்தவர்களுக்கு 20.5 முதல் 21 அங்குலம், உயரம் கூடக் கூட நீளம். எம்.டி.பியில் ஃப்ரேமை உங்கள் உயரத்துக்குப் பார்க்க வேண்டும். வண்டியின் மேல் காலை அகற்றி நின்றால் மேல் குழாய்க்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும்.

வாங்கும் முன் கடை வாசலிலேயே ஒன்று செய்து பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே "டக் டக்" என்று சத்தம் வந்தால் முன்குழாயின் கப் சரியாக இறுக்கப்படவில்லை. பி.எம்.எக்ஸில் முன் பிரேக் இல்லாததால் முன் சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து ஆட்டுங்கள். புது வண்டியின் நட்டும் போல்ட்டும் முதல் வாரம் ஓடியபின் ஒருமுறை இளகும். பெடல், ஹேண்டில், சக்கரம் மூன்றையும் அப்போது மறுபடி இறுக்க வேண்டும். இடது பக்கப் பெடல் மட்டும் எதிர்த்திசையில் இறுகும் என்பதை நினைவில் வையுங்கள். காற்றடிக்கும் வால்வு இரண்டு வண்டியிலும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வுதான், சாதாரண சைக்கிள் பம்ப் பொருந்தாது. பெட்ரோல் பங்கில் அடிக்கலாம். 20 அங்குல டியூப் சிறியது, கம்ப்ரஸரில் சில நொடியிலேயே வெடிக்கிற அளவுக்கு ஏறிவிடும். அடிக்கிறவரிடம் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைக் காட்டி, விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.